அரைப்பங்குக்குக் கீழே: சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதியும் சட்டமன்றத்தின் பொறுப்பும்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும், சரக்குப் பெட்டகத் துறைமுகமும், 2010இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைந்துள்ளன. உயர்கல்வி நிலையங்கள் மட்டும் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. இப்பகுதி மாணவர் கட்டணச் சுமையின்றிக் கலை, அறிவியல் பட்டம் பெற வேண்டுமானால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரிக்கோ, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிக்கோ, வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரிக்கோ, அரசு உதவி பெறும் சர் தியாகராயா கல்லூரி போன்ற ஒன்றுக்கோதான் செல்ல வேண்டும். இவை அனைத்தும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை என்பதால், சேப்பாக்கத்திலுள்ள அப்பல்கலைக்கழகக் கருவூலத்தின் நலிவு இந்தத் துறைமுகப் பகுதியின் வீடுகளையும் தொடும் செய்தியாகும்.

அந்த நலிவு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2017-18 முதல் 2020-21 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்குரிய வரிப் பாக்கி 424 கோடி ரூபாய் எனக் கணக்கிட்ட வருமான வரித்துறை, பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் இயங்கும் ஒரு கல்வி நிலையம் எவ்வாறு வரி செலுத்தவேண்டியதாயிற்று என்ற கேள்விக்கான விடை ஒரு விழுக்காட்டுக் கணக்கில் அடங்கியிருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவு, முழுவதுமாகவோ கணிசமாகவோ அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களின் வருமானத்துக்கு விலக்கு அளித்தது. அதில் 'கணிசம்' என்பது மொத்த வரவில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அரசு மானியம் என்று 2014இல் விதியாக வரையறுக்கப்பட்டது. மாநில அரசு தந்த பங்கு அந்த எல்லைக்குக் கீழே இறங்கியபோது, பெயராலும் பிறப்பாலும் அரசுப் பல்கலைக்கழகமாக இருந்த நிறுவனம் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அவ்வாறு தோன்றவில்லை.

மானியம் வரும் வழி

பல்கலைக்கழகம் சட்டமன்றத்தின்முன் நேரடியாக நின்று பணம் கேட்பதில்லை. அதன் ஆட்சிக்குழு வரவுசெலவைத் திட்டமிட்டு உயர்கல்வித் துறைக்கு அனுப்ப, நிதித்துறை அதைக் குறைத்தோ திருத்தியோ ஏற்க, இறுதியில் அது உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கைக்குள் ஓர் உட்பிரிவாகச் சேர்கிறது. மானியக் கோரிக்கை என்பது, ஒரு துறைக்கு அந்த ஆண்டில் தேவைப்படும் தொகையை வழங்குமாறு அமைச்சர் பேரவையில் முன்வைக்கும் வேண்டுகோளாகும். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆம் உறுப்பின்படி பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம் அல்லது குறைக்கலாம், ஆனால் ஆளுநரின் பரிந்துரையின்றி எக்கோரிக்கையும் அங்கு வர முடியாது என்பதால் உறுப்பினர் தாமாக ஒரு தொகையை முன்மொழிய இயலாது. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தொகை, இன்ன செலவுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படாமல் மொத்தமாக வழங்கப்படும் தொகுப்பு மானியமாகும். பேரவை உறுப்பினர்கள் தம்மிடையே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில் அமர்கிறார்கள். எனவே நிதி கேட்கும் இடத்திலும் அதை ஒப்பும் இடத்திலும் மக்கள் பிரதிநிதிகளுக்கு இருக்கை உண்டு. இருந்தும், மானியம் எவ்வளவு என்பது பெரும்பாலும் கோப்புகளுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

அந்தக் கோப்புகளில் முதன்மையானது தணிக்கைக் கோப்பு. பல்கலைக்கழகக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆய்வு செய்து, அரசின் ஒப்புதலின்றி நிரப்பப்பட்ட பணியிடங்கள், விதிக்குப் புறம்பான ஊதிய உயர்வுகள் முதலியவற்றைத் 'தணிக்கைத் தடை' எனப் பதிவு செய்கிறது. தடை நீங்காத செலவை அரசு மானியக் கணக்கில் ஏற்பதில்லை. ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் பல்கலைக்கழகமோ மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். இதனால் ஒரு பக்கத்தில் செலவு உண்மையாகவும், மறுபக்கத்தில் அதே செலவு ஏற்கப்படாததாகவும் நிற்க, இடைவெளியை அடைக்கும் சுமை பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாயின்மேல் விழுகிறது.

சுருங்கிய வருவாய்

அந்தச் சொந்த வருவாயும் நெடுங்காலமாகச் சுருங்கியே வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு ஒரே பல்கலைக்கழகமாக இருந்த சென்னையிடமிருந்து மருத்துவக் கல்லூரிகளும் பின்னர் பொறியியல் கல்லூரிகளும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களின்கீழ்ச் சென்றன. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியபோது வேலூர் வட்டாரக் கல்லூரிகளும் விலகின. 1978இல் தொடங்கிய தன்னாட்சி முறையில் பெரிய கல்லூரிகள் தாமே தேர்வு நடத்திக் கட்டணம் பெறுகின்றன. 1981இல் தொடங்கப்பட்டு நல்ல வருவாய் ஈட்டித்தந்த அஞ்சல்வழிக் கல்வி, எல்லைக்கு வெளியே மையங்கள் நடத்தக் கூடாது என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டுப்பாட்டால் தளர்ந்தது. கட்டணம் தரும் கல்லூரிகள் பிரிந்தபோது அவற்றுக்காக முன்பு பணியாற்றியவர்களின் ஓய்வூதியப் பொறுப்பு பிரியவில்லை என்பதே இந்த நெருக்கடியின் உள்முடிச்சு.

மனுவில் பிறந்த பல்கலைக்கழகம்

இப்பல்கலைக்கழகத்தின் வரலாறே ஒரு வேண்டுகோளில் தொடங்குகிறது. 1839 நவம்பர் 11 அன்று, தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. உயர்கல்வி அரசின் கடமை என்று இந்நகர மக்கள் அன்றே எழுத்தில் கேட்டனர். 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை பல்கலைக்கழகங்களையும் உதவி மானிய முறையையும் ஒருசேரப் பரிந்துரைக்க, 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதால் தேர்வுக் கட்டணமே அதன் முதன்மை வருவாயாயிருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ முன்னெடுத்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கற்பிக்கும், ஆராயும் நிறுவனமாக மாற்றி அமைத்தது. கட்டண வருவாயால் மட்டும் ஆராய்ச்சி நடப்பதில்லை என்பதற்குத் தமிழ்ப் பேரகராதியே சான்று: 1 லட்சம் ரூபாயில் முடியும் என்று மதிப்பிடப்பட்ட பணி, சாண்ட்லர் தொடங்கி ச. வையாபுரிப்பிள்ளை நிறைவேற்றி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது செலவு 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எந்தத் தேர்வுக் கட்டணமும் அந்தச் சொற்களைத் தொகுத்திருக்க முடியாது.

சட்டமன்றம் முனைந்தால் என்ன செய்யும் என்பதற்கு 2013 ஒரு முன்னுதாரணம். மிகையான பணியாளர்களால் நிலைகுலைந்திருந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டில் பேரவை தனிச் சட்டத்தின்மூலம் அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. மிகுந்திருந்த ஊழியர் பின்னர் மாநிலமெங்கும் அரசு அலுவலகங்களுக்குப் பணிமாற்றம் செய்யப்பட்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ, ஊதியம் கேட்டு ஆசிரியர்களும் ஊழியர்களும் போராடும் நிலை பலமுறை நேர்ந்த பின்னரும் உதவி தவணை தவணையாகவே வந்தது. முன்னது தாமதமாக வந்தாலும் சட்டவழித் தலையீடு. பின்னது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் புதிதாக எழும் சிக்கல். இதனிடையே சென்னையில் 2023 ஆகஸ்டுக்குப் பின் துணைவேந்தர் பணியிடம் காலியாகி, நியமன அதிகாரம் குறித்த ஆளுநர்–அரசு வழக்கு நீண்டதால், தேவையை உறுதியோடு எடுத்துரைக்க வேண்டிய குரலும் ஒடுங்கிப்போனது.

முகத்துவாரத்தின் கேள்வி

பணத்தைக் கொடுக்கும்முன் கணக்கைக் கேட்பது முறையே. ஒப்புதலற்ற நியமனங்களுக்கு மக்கள் வரிப்பணம் ஏன் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தவறு செய்த நிர்வாகி ஓய்வுபெற்றுச் சென்றுவிட, அதற்குரிய தண்டனை மானியக் குறைப்பாக மாறும்போது அதைச் சுமப்பவர் தேர்வுக் கட்டணம் செலுத்தும் மாணவரே ஆவார். இழப்பு கட்டணத்தோடும் நிற்பதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டுள்ள நிலையில், இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை, திட்டத்தை முன்மொழியும் நிறுவனமே அமர்த்தும் ஆலோசகர்கள்தாம் தயாரிக்கின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர் எழுப்பிய கேள்விகளுக்கு, எந்தத் தரப்பின் ஊதியத்தையும் சாராத அறிவியலாளர் விடை சொல்ல வேண்டுமானால், அவரது ஆய்வகத்துக்கு வேதிப்பொருள் வாங்கும் பணம் பொதுநிதியிலிருந்து தடையின்றி வர வேண்டும்.

இதற்குச் சட்டமன்றம் செய்யக்கூடியவை கைக்கெட்டாதவை அல்ல. ஓய்வூதியச் சுமையைத் தொகுப்பு மானியத்திலிருந்து பிரித்துத் தனித் தலைப்பில் ஏற்பது, பழைய தணிக்கைத் தடைகளைக் கால வரம்புக்குள் தீர்த்துவைப்பது, மானியத்தை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி செய்வது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வரவிலும் அரசின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதை உயர்கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் அச்சிடுவது ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் கடைசியானதற்குச் செலவு ஒன்றுமில்லை. எனினும் அந்த ஒற்றை எண் பேரவையில் வைக்கப்பட்டால், பங்கு பாதிக்குக் கீழே இறங்குவதை வரித்துறையின் நோட்டீஸ் வழியாக அறிய நேராது. பொன்னேரி, இராயபுரம், திருவொற்றியூர்த் தொகுதிகளின் உறுப்பினர்கள் அதை மானியக் கோரிக்கை விவாதத்திலேயே எழுந்து கேட்க முடியும்.