கேரளப் பள்ளிக் கணினிகளும் 'கப்ஸ்' அச்சு மென்பொருளும்: இயல்புநிலைத் தேர்வு ஏன் முக்கியம்?

திருவனந்தபுரம்: கணினியில் 'அச்சிடு' என்ற கட்டளையை அழுத்தியதும் தாள் வெளிவருகிறது. இடையில் எந்த மென்பொருள் இயங்குகிறது என்பதைப் பயனர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இயங்குதளத்தை உருவாக்குவோர் முன்கூட்டியே அதனைத் தேர்வு செய்து விடுகின்றனர். இதுவே 'இயல்புநிலை மென்பொருள்' எனப்படுகிறது.

கேரள அரசுப் பள்ளிகளில் இத்தேர்வின் தாக்கம் மிகப் பெரியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படும் 'கைட்' நிறுவனம், உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட 'கைட் குனு/லினக்ஸ்' இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால், 2 லட்சம் கணினிகளுக்கான உரிமக் கட்டணத்தில் சுமார் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்று அந்நிறுவனம் 2019-இல் தெரிவித்தது.

அச்சுப்பொறியில் தொடங்கிய இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் அச்சுப்பொறிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1980-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. அதைப் பயனர்களுக்குத் தெரிவிக்கும் வசதியைச் சேர்க்க விரும்பிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு மூல நிரல் கிடைக்கவில்லை. இந்த அனுபவமும் 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவிக்கத் தூண்டுகோலாக அமைந்தது. அவரே 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார்.

'கப்ஸ்' முன்னிலை பெற்றது எப்படி?

தொடக்கக் கால லினக்ஸ் கணினிகளில், யுனிக்ஸ் மரபில் வந்த எல்.பி.டி. வகை மென்பொருள்கள் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தின. வரிசைப்படுத்துவதைத் தாண்டி, அச்சுப்பொறியின் திறன்களை அறியும் வசதி அவற்றில் குறைவு. மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999-இல் வெளியான 'கப்ஸ்', இணைய அச்சு நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. தாளின் அளவு, இருபக்க அச்சு, பணியின் நிலை ஆகியவற்றைக் கணினியும் அச்சுப்பொறியும் ஒரே முறையில் பரிமாறிக்கொள்ள இது வழி செய்தது. 2002-இல் ஆப்பிள் நிறுவனமும் தனது மேக் இயங்குதளத்தில் இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் முக்கிய லினக்ஸ் வழங்கல்கள் அனைத்திலும் இது நிலைபெற்றது.

2019 இறுதியில் ஸ்வீட் ஆப்பிளிலிருந்து விலகிய பின், 'ஓப்பன்பிரிண்டிங்' குழு இம்மென்பொருளின் வளர்ச்சியைத் தொடர்ந்தது. மூல நிரல் அனைவருக்கும் திறந்திருந்ததாலேயே இது சாத்தியமாயிற்று.

இந்திய மொழிகளுக்கும் இம்முறை உதவுகிறது. ஆவணம் எழுத்துருவுடன் சேர்த்து பி.டி.எஃப். வடிவில் அனுப்பப்படுவதால், மலையாளமோ தமிழோ அச்சுப்பொறிக்குத் தனியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கும் இடுக்கி, பாலக்காடு போன்ற மாவட்டங்களுக்கு இது முக்கியமானது.

பாதுகாப்பும் பழைய கருவிகளும்

இயல்புநிலைத் தேர்வில் பிழை இருந்தால், அது ஒரே நேரத்தில் எல்லாக் கணினிகளையும் பாதிக்கும். 2024 செப்டம்பரில், வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டறியும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' என்ற துணைச் சேவையில் குறைபாடு இருப்பது வெளியானது. தாக்குபவர் போலி அச்சுப்பொறியைச் சேர்த்து, பயனர் அதில் அச்சிடும்போது தமது கட்டளையை இயக்க முடியும் என்று தெரியவந்தது. இதற்கான திருத்தங்கள் வெளியிடப்பட்டன. எனினும், மேம்படுத்தப்படாத கணினிகளுக்கு அத்திருத்தம் பயன் தராது. வலையமைப்பு அச்சுப்பொறி இல்லாத ஆய்வகங்களில் அச்சேவையை நிறுத்தி வைப்பதே பாதுகாப்பானது.

மற்றொரு மாற்றமும் காத்திருக்கிறது. 'கப்ஸ்' 3.0 பதிப்பில் பழைய வகை இயக்கி மென்பொருள்களுக்கான ஆதரவு நீக்கப்பட உள்ளது. இயக்கியின்றிச் செயல்படும் புதிய அச்சுப்பொறிகளுக்கு இதனால் சிக்கல் இல்லை. பழைய கருவிகளுக்கு 'அச்சுப்பொறிச் செயலி' எனப்படும் இடைநிலை மென்பொருள் தேவைப்படும்.

எனவே, அடுத்த பதிப்புக்கு மாறும் முன், பள்ளியில் உள்ள ஒவ்வோர் அச்சுப்பொறி வகையையும் புதிய இயங்குதளத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம். மென்பொருளில் மிச்சமான தொகையைப் புதிய அச்சுப்பொறிகள் வாங்கச் செலவிட நேர்ந்தால், சேமிப்பின் பயன் குறைந்துவிடும்.