கறியைப் பதமாக்கும் கைமிஷின்: கத்தியோடு உள்ளே போவது என்ன?

உத்தனப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் பல வீடுகளில் கேழ்வரகுக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குவதால் களிக்கும் மூன்று பெயர்: களி, சங்கட்டி, முத்தே. பெயர் எதுவானாலும் சாப்பிடும் முறை ஒன்றுதான். உருண்டையிலிருந்து கொஞ்சம் பிய்த்து, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்குவார்கள்.

அந்தப் பந்தியில் பல் விழுந்த பாட்டியின் தட்டைக் கவனித்தால் ஒன்று புரியும். களி தீர்ந்திருக்கும், குழம்பும் தீர்ந்திருக்கும். கறித்துண்டுகள் மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். "இழுக்குது, நீங்க சாப்பிடுங்க" என்று பேரனிடம் தள்ளிவிடுவார். இல்லையென்றால், களியை விழுங்கும் பழக்கத்தில் கறியையும் அப்படியே விழுங்கப் பார்ப்பார். முதலாவது சத்துக் குறைவில் கொண்டுபோய் விடும். இரண்டாவதில் மூச்சே அடைத்துக்கொள்ளும்.

கறியை மிருதுவாக்கும் கைமிஷினை இணையக் கடைகளில் பார்த்ததும் "வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகும்" என்று பலர் வாங்குவது இதனால்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் மிஷினோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை.

கறி ஏன் இழுக்கிறது

கறி என்பது தசை. நீளநீளமான நார்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்க, அந்தக் கட்டுகளை ஜவ்வு சுற்றிப் பிடித்திருக்கும். ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்கு வயது ஏற ஏற இந்தக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். கறிக்கடையில் "கிடா முத்தல்" என்று சொல்வது இதைத்தான். அதிகம் உழைக்கிற கழுத்திலும் காலிலும் ஜவ்வு அதிகம். முதுகுக்கறியில் குறைவு.

நம் ஊர்ப் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலையில் அறுத்த ஆட்டை ஏழு மணிக்கு வாங்கி, பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றிவிடுகிறோம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு இருக்கும்போது சமைத்தால் கறி ரப்பராகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்திருந்தால் தசையில் உள்ள நொதிகளே நார்களைத் தளர்த்திவிடும். "அன்னைக்கு அறுத்தது அன்னைக்கே" என்ற நம்பிக்கை ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் உயிர்காத்தது. ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் அதைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

கரும்பு மிஷினுக்குத் தம்பி

கைமிஷினின் வேலை எளிது. கரும்புச்சாறு பிழியும் வண்டியில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுவதைப் பார்த்திருப்போம். இதிலும் அதேபோல இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் எவர்சில்வர் பல்சக்கரங்கள் வரிசையாக நிற்கும். மேசை ஓரத்தில் திருகி மாட்டி, மேலே உள்ள வாயில் எலும்பில்லாத கறியை விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், பற்கள் நார்களையும் ஜவ்வையும் ஆங்காங்கே வெட்டிக்கொண்டே துண்டைக் கீழே தள்ளும். துண்டு துண்டாகவே இருக்கும், ஆனால் உடம்பெல்லாம் கீறல். திருப்பிப் போட்டு இன்னொரு முறை விட்டால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டு விழும்.

கைமா மிஷின் வேறு, இது வேறு. கைமா மிஷின் கறியை அரைத்துவிடும். இது கறியின் உருவத்தைக் கெடுக்காமல், பல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை முன்கூட்டியே செய்து வைக்கிறது. மெல்ல முடியாதவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும்.

எலும்புக் கறி இதில் போகாது. குழம்புக்கு வாங்குவது பெரும்பாலும் எலும்போடு வெட்டிய கறி என்பதால், நம் சமையலில் இந்த மிஷினுக்கு இடம் குறைவு. சுக்கா, வறுவல், கபாப், தவாவில் போடும் மெல்லிய துண்டு ஆகியவற்றுக்குத்தான் இது. கவனிக்க வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது.

வெளியே இருந்தது உள்ளே போகிறது

நல்ல நிலையில் அறுத்த கறியின் முழுத் துண்டில், நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். தோலை உரிக்கும்போதும், குடலை எடுக்கும்போதும், கத்தியிலிருந்தும் கட்டையிலிருந்தும் கையிலிருந்தும் ஒட்டிக்கொள்பவை அவை. அதனால்தான் முழுத் துண்டை வெளியே நன்றாகச் சுட்டால், உள்ளே கொஞ்சம் சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு என்று மேலைநாட்டுச் சமையலில் சொல்வார்கள்.

துளைத்த கறிக்கு இந்தக் கணக்கு செல்லாது. மிஷினின் ஒவ்வொரு பல்லும் மேற்பரப்பில் இருப்பதைத் தன்னோடு உள்ளே இழுத்துப் போகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1999இல் மாட்டிறைச்சியின் மேல் ஈ.கோலை கிருமியைத் தடவிக் கத்தி மிஷினில் விட்டுப் பார்த்தார்கள். மேலே தடவியதில் 3 முதல் 4 சதவீதம் துண்டின் நடுப்பகுதி வரை போயிருந்தது. மேற்பரப்பில் ஆயிரம் கிருமி இருந்தால் முப்பது, நாற்பது நடுவில். சதவீதமாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் 'ஈ.கோலை ஓ157' போன்ற கிருமி மிகக் குறைந்த எண்ணிக்கையில் வயிற்றுக்குள் போனாலே நோய் தரக்கூடியது. அது சுரக்கும் நச்சு, ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சிறுநீரகத்தையே முடக்கிவிடலாம்.

கொடுமை என்னவென்றால், யாருக்காக இந்த மிஷினை வாங்குகிறோமோ அந்தப் பாட்டியும், அதே பந்தியில் இருக்கும் குழந்தையும்தான் இதில் முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள்.

கனடா கற்ற பாடம்

2012 செப்டம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், புரூக்ஸ் நகரின் பெரிய இறைச்சி ஆலை ஒன்றிலிருந்து போன மாட்டிறைச்சியில் 'ஈ.கோலை ஓ157' இருந்தது தெரியவந்தது. 18 பேருக்கு நோய் உறுதியானது. லட்சக்கணக்கான கிலோ இறைச்சியைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத அளவு அது. விசாரணையில் சில நோயாளிகள் சாப்பிட்டது கடையிலேயே இயந்திரத்தில் துளைத்துப் பதமாக்கிய துண்டுகள் என்று தெரிந்தது. பார்வைக்கு அது முழுத் துண்டுபோலவே இருந்ததால், வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

2014 ஆகஸ்ட் 21 முதல் இத்தகைய மாட்டிறைச்சிப் பொட்டலத்தில் "இயந்திரத்தால் மிருதுவாக்கப்பட்டது" என்று எழுதியாக வேண்டும் என அங்கே சட்டம் வந்தது. துண்டின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வரும்வரை சமைக்க வேண்டும், குறைந்தது இரண்டு முறையாவது திருப்பிப் போட வேண்டும் என்பதும் பொட்டலத்தில் இருக்கும். 2016 மே மாதம் அமெரிக்காவும் இதே வழியில் லேபிளைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்வது இன்னும் கொஞ்சம் கூடுதல்: உணவின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட வேண்டும். நம் வீடுகளுக்கு இந்த 70ஐ வைத்துக்கொள்வதே நல்லது.

நம் அடுப்பு காப்பாற்றும் இடம்

நம் சமையலுக்கு இங்கே ஒரு சபாஷ் போடலாம். குழம்பில் ஒரு மணி நேரம் கொதித்த கறிக்குள் எந்த ஈ.கோலையும் மிஞ்சாது. ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அதுவே தாராளம். கொலாஜன் கரைந்து கறி மிருதுவாவதற்குத்தான் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். குக்கரில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர் "அங்கே சட்டியில் சீக்கிரம் வெந்தது, இங்கே நேரம் பிடிக்கிறது" என்றால் ஆட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களை நம்பிச் சாலையோரத்தில் முளைத்திருக்கும் கிரில், தந்தூரி, பார்பிக்யூ அடுப்புகளில் இருக்கிறது. அங்கே வெளிப்புறம் கருகும் வேகத்துக்கு உட்புறம் வேகாது. மசாலா சிவப்பாக இருப்பதால் உள்ளே வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. கறி சரியாக வேகாமலோ சுத்தமாகக் கையாளப்படாமலோ போனால் என்ன ஆகும் என்பதை நாமும் பார்த்திருக்கிறோம். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். நோயாளிகளிடம் ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். இவற்றில் கைமிஷினுக்குப் பங்கில்லை. ஆனால் கெட்டியான கறிக்குள் கிருமி போய்விட்டால், மேலோட்டமான நெருப்பு அதை எட்டாது என்ற அதே பாடம்தான் இங்கும்.

துளைத்த கறியைச் சுட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால், குத்தி அளக்கும் சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். துண்டின் தடித்த இடத்தில் நடுவரை செருகிப் பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் துண்டை மெல்லியதாக வெட்டி, மூடி போட்டு, அடிக்கடி திருப்பி, நடுவரை முழுதாக வேகவிடலாம்.

மிஷினுக்குள் ஒளிந்திருக்கும் நேற்றைய கறி

கழற்றாமல் குழாயடியில் காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்த மிஷினின் உருளையைத் தீக்குச்சியால் கிளறிப் பார்த்தால் தெரியும். பல்சக்கரங்களுக்கு நடுவே வெளிறிய ஜவ்வு நூல்நூலாகச் சுற்றியிருக்கும், அடியில் கொழுப்பு படிந்திருக்கும். அடுத்த ஞாயிறு புதுக்கறி அதற்குள்தான் போகும்.

உருளைகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள சீப்புபோன்ற பகுதியையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, துணியால் மூடி வைக்காமல் வெயிலில் காயவிட வேண்டும். கழற்ற முடியாத மாடல் என்றால், எவ்வளவு மலிவானாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. துரு ஏறிய பல்லும் முனை உடைந்த பல்லும் குப்பைக்குத்தான். கறியை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாடை போகும், கிருமி முழுதாகப் போகாது. தெறித்த தண்ணீரோடு பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும் அது போய்ச் சேரும்.

விரலும் பத்திரம். துண்டைத் தள்ள விரலை விடாமல் மரக்கரண்டியின் காம்பைப் பயன்படுத்தலாம். அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்து லேசாக விறைத்த கறி வழுக்காமல் தானே இறங்கும்.

பப்பாளிக்காய் வழி

மிஷின் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம் சமையலறையில் பப்பாளிக்காய் இருந்தது. காயின் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.2, கோ.5 போன்ற ரகங்கள் இந்தப் பாலுக்காகவே பெயர் பெற்றவை. அரைக் கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டி அரைத்த காய் போதும். கூடினால் கறி கூழாகிவிடும். இது கிருமியைக் கொல்லாது, ஆனால் கத்தியைப்போல உள்ளே குத்தித் தள்ளுவதுமில்லை. தயிரோ பப்பாளியோ தடவிய கறியை அடுப்பு மேடையில் ஊறவைக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி பெருகும்.

பாட்டியின் தட்டுக்குத் திரும்பினால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஏறக்குறைய 42 கிராம். நூறு கிராம் ஆட்டுக்கறியில் 20 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடும். கூடவே, உடல் எளிதாக ஏற்கும் இரும்புச்சத்தும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த நிலையில், கறி இழுக்கிறது என்பதற்காக ஒரு பெண் தட்டு ஓரத்தில் ஒதுக்கும் துண்டு சின்ன விஷயமாகாது.

பாட்டிக்கு எளிய வழி கைமா உருண்டைதான். எலும்பில்லாத கறியை நன்றாகக் கொத்தி, பொட்டுக்கடலை மாவு சேர்த்துச் சிறு உருண்டையாக்கிக் குழம்பில் கொதிக்கவிட்டால் ஈறாலேயே மசிக்கலாம். கொத்திய கறியிலும் வெளிக்கிருமி உள்ளே கலந்திருக்கும் என்பதால், உருண்டை நடுவரை முழுதாக வேக வேண்டும். துண்டாகத்தான் வேண்டும் என்று அவர் கேட்டால், மிஷினில் விட்டதைக் குக்கரில் வேகவைத்து, நாருக்குக் குறுக்கே சிறிதாக நறுக்கி, களி உருண்டையோடு சேர்க்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம்.

அப்படியும் ஒரு துண்டு தொண்டையில் சிக்கி, பேசவோ இருமவோ முடியாமல் அவர் கழுத்தைப் பிடித்தால், தண்ணீர் ஊற்றக் கூடாது. முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். துண்டு வராவிட்டால், பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, பக்கத்தில் இருப்பவரை 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.