ஊரகக் கூட்டுக் குடியிருப்பும் அயலாரின் கவலைகளும்

கூட்டுக் குடியிருப்பு என்பது பல குடும்பங்கள் சேர்ந்து திட்டமிட்டு, அருகருகே வாழும் முறையாகும். இதைக் கோஹவுசிங் என்றும் கூறுவர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் கூடிய தனி வீடு உண்டு. வருமானமும் தனித்தனியே. உணவுக்கூடம், விளையாட்டிடம், தோட்டம் ஆகியவை பொது. ஊர்ப்புறங்களில் இதனுடன் ஒரு பண்ணையும் சேர்வதுண்டு. இத்தகைய திட்டம் அறிவிக்கப்பட்டதும், அங்கு முன்பே வாழ்வோரிடமிருந்து எதிர்ப்பு எழுவது வழக்கம். அந்த எதிர்ப்பு, இம்முறை தோன்றிய காலத்திலேயே தொடங்கிவிட்டது.

முதல் எதிர்ப்பு

டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யான் குட்மன்-ஹோயரும் நண்பர்களும் 1964இல் கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள ஹரெஸ்கோவில் நிலம் வாங்கினர். ஒரு பொதுக் கட்டடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள் என்பது திட்டம். நகர அதிகாரிகள் ஆதரித்தனர், அயலார் எதிர்த்தனர். குழந்தைகளின் இரைச்சல் கூடிவிடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. திட்டம் கைவிடப்பட்டது, நிலமும் விற்கப்பட்டது. ஆனால் கருத்து அழியவில்லை. 1972இல் சேட்டடாமன் என்ற குடியிருப்பும், 1973இல் குட்மன்-ஹோயரின் ஸ்க்ரோபிளானெட்டும் உருவாயின.

கவலைகளின் வகைகள்

அயலாரின் கவலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை அளந்து பார்க்கக்கூடியவை. குறுகிய கிராமச் சாலையில் எத்தனை வண்டிகள் கூடுதலாக ஓடும்? புதிய ஆழ்துளைக் கிணறு பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறைக்குமா? கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை அந்த மண் உறிஞ்சுமா? விளைநிலம் எவ்வளவு குறையும்? இவற்றுக்குக் கணக்கெடுப்பும் மண் சோதனையும் விடை தரும்.

இரண்டாம் வகை அளக்க முடியாதவை. வரப்போகிறவர்கள் யார், எப்படி வாழ்வார்கள், இன்று இவர்களுக்கு அனுமதி கொடுத்தால் நாளை வேறொருவர் பெரிய அடுக்ககம் கட்ட வருவாரா என்ற ஐயங்கள் இவ்வகை. சொத்தும் வருமானமும் முழுவதும் பொதுவாக இருக்கும் கூட்டு வாழ்வோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு.

எதிர்ப்பவர் எல்லாரும் தன்னலக்காரர் அல்லர். கிணறு வற்றினால் இழப்பு அவருக்கே. அதுபோலவே, சேமிப்பை முதலீடு செய்து காத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் இழப்புதான்.

இத்தாக்கா: நிலத்தைக் காத்த திட்டம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா நகரை ஒட்டிய குன்றின்மேல் இத்தாக்கா சூழல் கிராமம் உள்ளது. 1991இல் தொடங்கிய இக்குழு, மறு ஆண்டு 175 ஏக்கர் நிலத்தை வாங்கியது. அதே நிலத்தை மனைகளாகப் பிரித்து, பெரும்பகுதியிலும் வீடுகள் பரப்பும் திட்டம் ஒன்று முன்பு இருந்தது. இக்குழு அதைத் தலைகீழாக்கியது. வீடுகளை நெருக்கமாக அமைத்து, ஏறத்தாழ 90 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாகவும் பண்ணையாகவும் விட முடிவு செய்தது. வண்டிகள் குடியிருப்பின் ஓரத்திலேயே நிறுத்தப்படுகின்றன. இன்று மூன்று பகுதிகளில் 100 வீடுகள் உள்ளன.

நிலத்தின் ஒரு பகுதிக்குப் பாதுகாப்பு உடன்படிக்கையும் எழுதப்பட்டது. இதன்படி நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அதில் வீடு கட்டும் உரிமை மட்டும் நிரந்தரமாகக் கைவிடப்படும். நாளை என்ன ஆகுமோ என்ற அச்சத்துக்கு இது சட்டப்படியான பதில்.

வேல்ஸ்: நிபந்தனையுடன் அனுமதி

பிரிட்டனில் ஊருக்கு வெளியே திறந்த நிலத்தில் புது வீடு கட்ட அனுமதி பெறுவது அரிது. வேல்ஸின் பெம்புரோக்சயரில், கிளாண்டுர் ஊருக்கு அருகே 76 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் ஒன்பது குடும்பங்கள் குடியேற லாமாஸ் என்ற குழு திட்டமிட்டது. இது முழுமையான கூட்டுக் குடியிருப்பு அன்று; தனித்தனிச் சிறு பண்ணைகளும் ஒரு பொதுக் கட்டடமும் கொண்ட சிற்றூர். மாவட்ட மன்றம் இருமுறை அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டில் 2009 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் அடிப்படைத் தேவைகளில் 75 விழுக்காட்டை அந்நிலத்திலிருந்தே பெற வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. பண்ணை என்ற பெயரில் வெறும் வீடு கட்டுவார்களோ என்ற ஐயத்துக்கு இதுவே விடையானது.

2010இல் வேல்ஸ் அரசு இத்தகைய வாழ்வுக்கென ஒரு தேசியக் கொள்கையை வகுத்தது. விண்ணப்பிப்போர் போக்குவரத்து உட்பட எல்லாவற்றையும் விளக்கும் மேலாண்மைத் திட்டம் தர வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை அளிக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் எப்படி வெளியேறுவர் என்பதையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

தெரியவரும் உண்மை

அயலாரின் கவலையை வாய்மொழி உறுதி தீர்ப்பதில்லை. சாலை, நீர், கழிவு, விளைநிலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்து எழுதி, அதை மற்றவர் சரிபார்க்க வழி செய்தால்தான் நம்பிக்கை வளரும். அவ்வாறு எழுதும்போது எதிர்ப்பாளரின் கேள்விகளே திட்டத்தைச் செம்மைப்படுத்துகின்றன. ஆனால் குழந்தைகளின் இரைச்சல் போன்ற எதிர்ப்புக்கு எந்த அளவுகோலும் இல்லை. வருவோரைச் சந்தித்துப் பழகிய பிறகே அது தணியக்கூடும். வரைபடம் இறுதியாகும் முன்பே அயலாரை அழைத்துப் பேச வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது.