தளர்வும் மயக்கமும் குறித்த தமிழ்ச் சொற்கள்

உடல் வலி குன்றிய நிலையைக் குறிக்கத் தமிழில் வழங்குஞ் சொற்கள் பல. சோர்வு, தளர்வு, அயர்வு, அசதி, அலுப்பு, களைப்பு, இளைப்பு, தொய்வு, மெலிவு, நலிவு, மயக்கம், மூர்ச்சை என அவை விரியும். அகராதியைப் புரட்டுவோர்க்கு இவை ஒன்றற்கொன்று பொருளாகத் தரப்பட்டிருத்தல் புலனாகும். சோர்வுக்குத் தளர்வு, தளர்வுக்கு அயர்வு, அயர்வுக்கு மீண்டுஞ் சோர்வு எனப் பொருள் சுற்றிவரும். ஆதலின் இவை யாவும் ஒருபொருள் குறித்த பல சொற்களே என மாணவர் கொள்வதும், எல்லாவற்றுக்கும் ஈடாகப் ‘பலவீனம்’ என்னும் வடசொல்லொன்றையே எழுதி அமைவதும் வழக்காயின. கட்டுரையில் இது சிறு குறையாய் ஒழியலாம். நோயாளி ஒருவர் தம் நிலையை வைத்தியர்க்கு உரைக்குமிடத்து அங்ஙனம் ஒழிவதில்லை.

இச்சொற்களின் வினையடிகளை நோக்கின் ஒவ்வொன்றும் வெவ்வேறு காட்சியிற் பிறந்தமை விளங்கும். சோர்தல் என்பது நழுவுதல், ஒழுகுதல். கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், உடுத்த துகிலும் சோரும். பிடியில் இருந்தது பிடியைவிட்டு வீழ்வதே அதன் பொருள். திருவள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்திற் பேச்சில் நேரும் வழுவினையுஞ் சோர்வென்றே குறித்தமை இதனாற் பொருத்தமுடைத்து. தளர்தலோ கட்டு நெகிழ்தல். முடிச்சுத் தளர்ந்தாலும் கயிறு கையைவிட்டுப் போவதில்லை. குழந்தையின் நடையைத் தளர்நடை என்பர். அங்கே இருந்த வலி குன்றியதன்று, வலி இன்னும் வந்து கூடவில்லை என்பதே கருத்து. அயர்தல் மறத்தலையும் குறிக்கும். விளையாட்டயர்தல், விழவயர்தல் என்னும் பழைய ஆட்சிகளில் அது ஒரு செயலில் ஈடுபட்டு நிகழ்த்துதலாய் நிற்கின்றது. தன்னை மறந்த நிலையே இவ்விரண்டுக்கும் பொதுவெனக் கொள்ளுதல் தகும். ‘அயர்ந்து தூங்கினான்’ எனக் கூறுவோர், ‘தளர்ந்து தூங்கினான்’ எனக் கூறாமை கருதற்பாலது. மெலிவு உடம்பின் பருமை குறைதலாதலின் அதுபற்றி விரித்தல் வேண்டா.

தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்து, முன்னிருந்த நிலையினும் நுணுகிக் குறைதலை அவை உணர்த்தும் என்பர். அவற்றுள் நிழத்தல் வழக்கொழிந்தது. ஓய்தல் இன்றும் உளது. மழை ஓய்கின்றது, கை ஓய்கின்றது. எனினும் அதன் பெயராகிய ஓய்வு இன்று மதிப்புடைய சொல்லாயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியரை வலி நுணுகியவர் என அவர் செவிபடக் கூறத் துணிவார் யார்?

ஈண்டு மிகவும் நோக்கத்தக்கன இளை, தொய், களை என்னும் மூன்றுமாம். இளைத்தல் உடல் மெலிதலையும், களைத்தலையும், மூச்சு வாங்குதலையும் ஒருங்கே குறிக்கும். தொய்தல், கட்டிய கொடிக்கயிறு இடையிலே தாழ்ந்து தொங்குதல் போன்ற நெகிழ்ச்சி. ஈழநாட்டிலோ தொய்வு என்பது ஆஸ்துமா நோயின் பெயர். முட்டு, இழுப்பு என்பனவும் அதற்கே வழங்கும். களைப்பு, தமிழர் யாவர்க்கும் உழைப்பின் பின் வரும் சோர்வு. யாழ்ப்பாணத்தில் ‘ஓடி வந்தது களைக்குது’ என ஒருவர் சொல்லின், அவருக்கு மூச்சு வாங்குகின்றது என்பதே முதற்கண் கொள்ளப்படும் பொருள். மூன்று வெவ்வேறு அடிகள். மூன்றும் வலிக்குறைவினின்று மூச்சுக்குச் சென்றன. உடலின் தளர்ச்சி முதலில் மூச்சிலே வெளிப்படுதலை மக்கள் கண்டிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டா.

இவ்வாறு பொருள் படர்ந்தமையால் ஓர் இடர் உண்டு. முதியவர் ஒருவர் ‘நாலடி நடந்தாற் களைக்குது’ என்கின்றார். கேட்கும் வைத்தியர் அவ்வழக்கை அறியாதவராயின், சோர்வு என்று குறித்துக்கொண்டு, இரத்தச்சோகையோ உணவுக் குறைவோ என ஆராயத் தொடங்குவர். முதியவர் உரைத்ததோ மூச்சுத்திணறலை. அஃது இருதயம் செவ்வனே இயங்காமையின் அறிகுறியாதலுங் கூடும். இதனைத் தெளிய ஒரு வினா பெரிதும் உதவும்: படுத்தால் ஆறுகின்றதா, கூடுகின்றதா? உழைப்பினால் வந்த களைப்புப் படுத்தால் ஆறும். இருதய நோயால் வந்த மூச்சுத்திணறலோ மட்டமாகப் படுக்குமிடத்துப் பெரும்பாலும் மிகும். அத்தகையோர் இரவில் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே துயில்வர்.

மயக்கம் என்பது இதனினும் சிக்கலுடைத்து. மயங்குதலின் அடிப்பொருள் கலத்தல். இலக்கணத்தில் திணைமயக்கம், வேற்றுமை மயக்கம், மெய்ம்மயக்கம் என்பன எல்லாம் கலப்பையே குறித்தன. பகலும் இரவும் கலக்கும் பொழுதை மாலை மயங்கும் நேரம் என்பர். அறிவும் அறியாமையும் அவ்வாறு கலந்து தெளிவின்றி நிற்பதே உடலின் மயக்கம். ஆகவே ‘மயக்கம் வருகிறது’ என்பதனுள் நான்கு நிலைகளேனும் அடங்கும். சூழவுள்ள பொருள்கள் சுழல்வதாகத் தோன்றுவது ஒன்று; தலைச்சுற்று, கிறுகிறுப்பு என்பன அதற்கு உரிய சொற்கள்; உட்செவியின் கோளாற்றால் அது வருதல் மிகுதி. கண் இருட்டிக்கொண்டு, வியர்த்து, விழப்போவதாகத் தோன்றுவது மற்றொன்று. விழுந்து நினைவிழத்தல் மூர்ச்சை. நினைவு முற்றும் நீங்காது தூக்கக் கலக்கமாயிருத்தல் நான்காவது. வடமொழி வைத்திய நூலாகிய மாதவ நிதானம் மூர்ச்சை, பிரமம், நித்திரை, தந்திரை, சந்நியாசம் என்பவற்றை ஒரே அதிகாரத்துள் வைத்தும் வேறுவேறாகவே விளக்குகின்றது. சுழற்சி பிரமம்; தூக்கக் கலக்கம் தந்திரை; எளிதில் மீளாத உணர்விழப்புச் சந்நியாசம். மூர்ச்சை என்னும் வடசொல்லின் அடிக்கு உறைந்து இறுகுதல் என்னும் பொருளும் உண்டு. தமிழன் கலங்கியதாகக் கண்ட நிலையை வடமொழியாளன் உறைந்ததாகக் கண்டான் போலும்.

கண் இருட்டும் நிலையும் மூர்ச்சையும் பெரும்பாலும் ஒரே தொடரின் முதலும் முடிவுமாகும். காலை வெயிலில் நெடுநேரம் அசையாது நிற்கும் மாணவன் விழுவதைக் காணாத பாடசாலை இல்லை. நிற்குங்கால் இரத்தம் கால்களிலே தங்குகின்றது. அதனோடு இரத்தக் குழாய்கள் விரிந்து, இருதயத் துடிப்பும் தாழுமாயின், மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைந்துபோம். விழுந்தவனைத் தூக்கி நிறுத்த முயல்வது நம்மவர் வழக்கம். அது தவறு. மட்டமாகக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துதலே வேண்டும், விரைவில் தெளிவான். உட்செவிக் கோளாற்றால் தலை சுற்றுபவனுக்கோ கால்களை உயர்த்துவதனால் ஒரு பயனுமில்லை.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். அவர்தம் மாணாக்கர்க்கு நோயாளியின் சொல்லை வேற்று மொழியில் மாற்றிச் சிந்திக்கும் தேவை இருந்திலது. இன்று இலங்கையில் வைத்தியக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. ஆதலின் தமிழிற் கேட்ட களைப்பும் மயக்கமும் ஏட்டில் எழுதப்படும் அந்தக் கணத்திலேயே வேற்று மொழிச் சொல்லாக மாறியாகவேண்டும். பொருள் பிறழ்வது அவ்விடத்திலேயே.

தமிழ் அறிந்தார்க்குள்ளும் இப்பிறழ்ச்சி நேரும். மெய்ப்பாட்டியலில் இளிவரல் பிறக்கும் நிலைக்களன் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்காகக் கூறப்படுதலின், பிணி வேறு, வருத்தம் வேறு என்பது தொல்காப்பியர் கொள்கையாயிற்று. யாழ்ப்பாணத்திலோ வருத்தம் என்றாலே பிணி. ‘அவருக்கு வருத்தம்’ எனின் அவர் நோயுற்றார் என்பதே பொருள். தமிழ்நாட்டில் அதே தொடரைக் கேட்பவர், அவர் மனம் நொந்திருக்கின்றார் எனக் கருதி, யார் என்ன சொன்னார் என வினவுவர். ‘உடம்புக்கு ஏலாது’ என்பதும் ஈழத்து வழக்கே. இயலாமை என்பதனோடு உறவுடைய இச்சொல் காய்ச்சலையும் குறிக்கும், முதுமையையும் குறிக்கும், காரணம் சொல்ல விரும்பாத சோர்வையும் குறிக்கும். வீட்டில் மூத்தோர் அதனைச் சொன்னால், என்ன செய்கின்றது என்று மீண்டும் கேட்டாலன்றி நோய் இன்னதென வெளிப்படாது. கேட்டாலும், ‘ஒன்றுமில்லை, சும்மா ஏலாமற் கிடக்குது’ என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.