ஒரு நாலரை, நான்கு புள்ளிகள்

கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி நாலரை மணிக்கு என்றால் 4.30 என்று எழுதுவார்கள். கிரிக்கெட்டில் நாலரை ஓவர் முடிந்தால் 4.3. நாலரை ரூபாய் என்றால் 4.50. துறைமுகத்து மீன் கடையின் மின்னணுத் தராசில் நாலரை கிலோ 4.500. தசம எண்களைப் படிக்கத் தொடங்கும் குழந்தை இந்தப் புள்ளிகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறது.

இவற்றில் முதல் இரண்டும் தசமமே அல்ல. மணிக்கு 60 நிமிடம், ஓவருக்கு 6 பந்து. அங்கே புள்ளி இரண்டு முழு எண்களுக்கு நடுவே போட்ட வேலி மட்டுமே. ரூபாயும் கிலோவும் உண்மையான தசமங்கள். 16 அணாவாக இருந்த ரூபாய் 100 காசாக மாறியது 1957 ஏப்ரல் 1-ல். ஆனால் பணத்தில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம், தராசில் மூன்று. அதனால் இங்கும் புள்ளியை வேலியாகவே நினைத்துப் படித்தாலும் ஒப்பிடுவதில் விடை பிசகாது.

இலக்கங்களின் எண்ணிக்கை மாறும்போதுதான் பிசகு வெளியே வருகிறது. 2.8, 2.63 இரண்டில் எது பெரிது? 8-ஐவிட 63 பெரிது, ஆகவே 2.63 என்பது பல குழந்தைகளின் கணக்கு. லாரன் ரெஸ்னிக்கும் சக ஆய்வாளர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் நாட்டு மாணவர்களிடமும் இதே சிந்தனை தெரிந்தது.

நேரெதிரான தவறும் உண்டு. பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சிறியது. எனவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினாலே எண் சிறியது என்று முடிவுகட்டி, 2.85-ஐவிட 2.3 பெரிது என்பார்கள். 2.05-ம் 2.5-ம் ஒன்று என்பதும், 3.2-ஐப் பத்தால் பெருக்கி 3.20 என்று எழுதுவதும் கவனக்குறைவு அல்ல. முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர் என்று முழு எண்களில் கற்ற விதிகளின் விளைவு அவை.

மீட்டர் டேப் இங்கே நல்ல ஆசிரியர். நீளம் தாண்டுதலில் 2.8 மீட்டரையும் 2.63 மீட்டரையும் மைதானத்தில் அளந்து குறித்தால், அந்த 8 என்பது 80 சென்டிமீட்டர் என்று கண்ணுக்கே தெரியும். 2.63-ஐ "இரண்டு புள்ளி அறுபத்து மூன்று" என்று படிக்காமல் "இரண்டு புள்ளி ஆறு மூன்று" என்று படிக்கப் பழக்குவதும் உதவும்.

கேள்வித்தாளிலும் கவனம் வேண்டும். 2.35, 2.67 என்று ஒரே நீள எண்களைக் கேட்டால் தவறான சிந்தனைக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். 2.8-ஐயும் 2.63-ஐயும் ஒப்பிடச் சொன்னால் முதல் வகைத் தவறு சிக்கும். இரண்டாம் வகை தப்பிவிடும். 2.3, 2.85 என்றால் தலைகீழ். இரண்டு ஜோடிகளையும் கேட்டு, ஏன் என்றும் கேட்கும் ஆசிரியருக்கே எந்த மாணவருக்கு எந்த மருந்து என்று தெரியும்.