இழை அறுந்தால் பிணைப்பவர் யார்?

கே.ஜி.கண்டிகை கடைத்தெருவிலே, தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்திருந்தோம். பொதட்டூர்ப்பேட்டை விசைத்தறித் தோழர் ஒருவர் கேட்டார்: "அன்று மனிதன் வேலையை இயந்திரம் பறித்தது. இன்று இயந்திரத்தை இயந்திரமே மேய்க்கிறதாமே! இனி மனிதன் எதற்கு?"

வேடிக்கைக் கேள்வியல்ல, வயிற்றிலிருந்து எழுந்த வேதனைக் கேள்வி!

சென்னையை அடுத்த சிறுசேரியிலே, அம்பத்தூரிலே தரவு மையங்கள் எழுந்துள்ளன. கூடம் கூடமாகக் கணிப்பொறிகள்! எந்த வேலை எந்தப் பொறிக்கு, பழுதுபட்டதை எப்படி ஒதுக்குவது என்பதையெல்லாம் முன்கூட்டியே நிரலாக எழுதி வைப்பவர்தான் தானியக்கப் பொறியாளர். கூகுள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'குபர்நெட்டிஸ்' இத்தகைய மேய்ப்பன். ஒரு பொறி படுத்துவிட்டால், அதன் சுமையை இன்னொன்றின் தலையிலே ஏற்றிவிடும். எவரையும் எழுப்பாது!

அற்புதந்தான். ஆனால் ஆணையே தவறானால்?

2021 அக்டோபர் 4. பராமரிப்புக்காக இட்ட ஓர் ஆணை, முகநூல் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைத்த வலைப்பின்னலையே துண்டித்தது. தவறான ஆணையைத் தடுக்க வைத்த காவல் நிரலிலும் பிழை! முகநூலும் வாட்சப்பும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. மீட்டவர் யார்? மையத்துக்கே நேரில் சென்று, பொறியின் முன் நின்ற மனிதர்கள்!

2024 சூலை 19. 'கிரவுட்ஸ்ட்ரைக்' அனுப்பிய பிழையான திருத்தம், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளைச் சாய்த்தது. பிழை தானாகப் போய்ச் சேர்ந்தது. பல இடங்களில் பரிகாரத்தை மனிதன் பொறி பொறியாகச் சென்று செய்ய நேர்ந்தது. இந்திய விமான நிலையங்களிலே பயணிகளுக்குக் கையாலே சீட்டு எழுதித் தந்தார்கள்!

தோழரே! தறியிலே இழை அறுந்தால் பிணைப்பது உம் விரலன்றோ? அங்கும் அப்படியே.

ஆள் குறைகிறது, அதை மறைக்கமாட்டோம். எஞ்சிய பொறியாளருக்கோ தலையணை அருகே கைப்பேசி. நள்ளிரவிலே அது அலறினால் எழ வேண்டும். பொறிக்கு ஓய்வு உண்டு, அவருக்கு இல்லை! 1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினாரே, அந்நாளின் மூல முழக்கமான எட்டு மணி நேரம், குளிரூட்டிய கூடத்துக்குள்ளே நுழையக் கூடாதா?

எனவே, நம் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கட்டும். கற்றபின் சங்கத்தை மறவாதிருக்கட்டும். பொறி உழைக்கட்டும், மிச்சமாகும் நேரம், முதலாளிக்கு மட்டுமல்ல, உழைப்பவனுக்கும் ஆகட்டும்!