சாவி பத்திரம்... கையெழுத்து?
ஹார்டுவேர் வாலட் வாங்குவோர் கவனத்துக்கு

2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வாசிர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், களவு போனது. பணம் இருந்த வாலட்டில் காவலுக்குக் குறைவில்லை. ஆறு பேருக்குக் கையெழுத்து அதிகாரம். நான்கு கையெழுத்து விழுந்தால்தான் பணம் நகரும். வாசிர்எக்ஸ் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் லெட்ஜர் நிறுவனத்தின் ஹார்டுவேர் வாலட்டைப் பயன்படுத்தினார்கள். கம்ப்யூட்டர் திரை காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்பது வாசிர்எக்ஸ் தந்த விளக்கத்தின் சாரம்.

ஏழு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 21-ல், பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் பறிபோனது. அங்கும் கையெழுத்துக்கு இருந்தது ஹார்டுவேர் வாலட்தான். திரையில் தெரிந்ததை நம்பி ஒப்புதல் கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் இந்தச் சாதனம் வீணா? இல்லவே இல்லை. அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது என்ன?

பிட்காயினோ ஈதரோ அந்தச் சாதனத்துக்குள் இல்லை. காசு இருப்பது பிளாக்செயின் கணக்கேட்டில். அதை நகர்த்தும் அதிகாரம் தரும் பிரைவேட் கீ எனும் ரகசியச் சாவி மட்டுமே உள்ளே இருக்கிறது. பணம் அனுப்பும் விவரம் கம்ப்யூட்டரிலிருந்து சாதனத்துக்குப் போகும், உள்ளேயே கையெழுத்தாகும், கையெழுத்து மட்டும் வெளியே வரும். சாவி வெளியே வராததால், கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் அதைத் திருட முடியாது. பிராக் நகரின் சதோஷிலேப்ஸ் 2014-ல் ட்ரெசார் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பிரான்ஸின் லெட்ஜர் இன்னொரு பெரிய பெயர்.

எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தால் சாவி அவர்களிடம். வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோவை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். சொந்த வாலட்டில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால், தவறு நடந்தால் புகார் சொல்லவும் ஆள் இல்லை.

பெட்டியைப் பிரிக்கும் முன்

தயாரிப்பாளரின் இணையதளத்திலோ, அதில் பட்டியலிட்டிருக்கும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். 2023-ல் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஒரு போலி ட்ரெசாரைப் பிரித்துப் பார்த்தது. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல். உள்ளே சிப் மாற்றப்பட்டிருந்தது. புதிதாக உருவாக்கித் தரவேண்டிய ரகசியச் சொற்களுக்குப் பதில், மோசடிக்காரர்கள் முன்பே தயாரித்துவைத்த 20 தொகுப்புகளில் ஒன்றை அது காட்டியது. வாங்கியவர் காசு போட்ட பிறகு, அள்ளிக்கொண்டு போனார்கள்.

2020-ல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் இணையத்தில் வெளியானது. அடுத்த ஆண்டு அவர்களில் சிலரின் வீட்டுக்கே, 'பழையதற்கு மாற்று' என்ற கடிதத்தோடு போலி சாதனம் பார்சலில் வந்தது. கேட்காமல் வரும் எதையும் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் செயலியையும் தேடுபொறி விளம்பரம் வழியாக இறக்காமல், தயாரிப்பாளரின் தளத்துக்கே போய் இறக்குங்கள். சாதனம் அசல்தானா என்ற சோதனையையும் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் காசு போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

24 சொற்கள்

முதலில் பின் நம்பர். லெட்ஜரில் மூன்று முறை தவறினால் சாதனம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், மீட்க வழி இருக்கிறது. அதுதான் சீட் ஃப்ரேஸ்: 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து சாதனம் தேர்ந்தெடுத்துத் தரும் 12 அல்லது 24 சொற்கள். வரிசை மாறக் கூடாது. சாதனம் தொலைந்தாலும் உடைந்தாலும், இதே முறையைப் பின்பற்றும் இன்னொரு வாலட்டில் அந்தச் சொற்களைக் கொடுத்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. சொற்கள் யார் கையில் கிடைத்தாலும் பணம் அவர்களுடையது. சாதனமும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிவைக்காதீர்கள், எந்த இணையப் பக்கத்திலும் டைப் செய்யாதீர்கள். எந்த கஸ்டமர் கேரும் இதைக் கேட்காது, கேட்டால் மோசடி. ஏற்கெனவே சொற்கள் எழுதப்பட்ட அட்டை பெட்டிக்குள் இருந்தால் அதுவும் மோசடி. பேனாவால் எழுதி, இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காகிதத்தின் ஆயுள் தெரியும். பெரிய தொகை என்றால் எஃகுத் தகட்டில் பொறித்துவைக்கலாம்.

முதலில் வெள்ளோட்டம்

போனால் போகட்டும் என்கிற ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் சாதனத்தை முழுவதும் அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களைச் சாதனத்திலேயே கொடுத்து மீட்டெடுங்கள். தொகை மறுபடி தெரிந்தால், எழுதியதில் பிழையில்லை. பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிழை தெரியவரும்போது சாதனம் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும்.

நெட்வொர்க்கையும் கவனியுங்கள். ஒரே யுஎஸ்டிடி காசு எத்தீரியத்திலும் உண்டு, ட்ரானிலும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் தேர்வுசெய்யும் நெட்வொர்க்கும், நீங்கள் கொடுக்கும் முகவரியின் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கிரிப்டோவை வெளியே எடுக்க அந்த எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாலட்டுக்கு மாற்றினால் வரியிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவிகித டிடிஎஸ்ஸும் உண்டு. வாங்கிய தேதியும் விலையும் காசோடு சேர்ந்து வராது. எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கணக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் திரையைப் படியுங்கள்

நாம் காப்பி செய்த முகவரியை, பேஸ்ட் செய்யும்போது திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் நாம் வழக்கமாகப் பணம் அனுப்பும் முகவரி போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து அற்பத் தொகை அனுப்பி, நம் பரிவர்த்தனைப் பட்டியலில் இடம்பிடிப்பவர்களும் உண்டு. அதனால் பழைய பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் என்ன காட்டினாலும், சாதனத்தின் திரையில் வரும் முகவரியையும் தொகையையும் முழுவதும் ஒப்பிட்ட பிறகே பட்டனை அழுத்துங்கள்.

சில நேரம் அந்தத் திரையில் புரியாத குறியீடுகள் மட்டும் ஓடும். அதற்கு ஒப்புதல் தருவதை பிளைண்ட் சைனிங் என்கிறார்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்று. வாசிர்எக்ஸ், பைபிட் போன்ற நிறுவனங்களையே சாய்த்தது இந்த இடம்தான். அங்கே சாவிகள் கடைசிவரை பத்திரமாகவே இருந்தன. செட்டிங்ஸில் இந்த வசதியை அணைத்தே வையுங்கள். புரியாத எதற்கும் 'ரிஜெக்ட்' கொடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசிர்எக்ஸில் பணம் முடங்கிய ஒரு முதலீட்டாளர் தொடர்ந்த வழக்கு அது. சொத்து என்றால் வாரிசு உரிமை பற்றிய கேள்வியும் வரும். வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கொடுத்துப் பணம் வாங்கலாம். இங்கே சாதனமும் பின் நம்பருமோ, அந்தச் சொற்களோ இல்லையென்றால், நீதிபதியே உத்தரவிட்டாலும் ஒரு ரூபாய்கூட நகராது.

இதற்காக ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம். 2025 ஜனவரியில் லெட்ஜரின் இணை நிறுவனர் டேவிட் பலாண்ட் பிரான்ஸில் கடத்தப்பட்டார். பணம் கேட்டவர்கள் அவர் விரலையே வெட்டினார்கள். நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிவையுங்கள். சாதனம் எங்கே, சொற்கள் எழுதிய தாள் எங்கே, யாரிடம் உதவி கேட்கக் கூடாது என்பவை அதில் இருக்கட்டும். சொற்கள் மட்டும் இருக்கக் கூடாது. பிறகு, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்காமல், அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து அவரால் சிறு தொகையை மீட்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்று தெரியும்வரை, வெள்ளோட்டத்துக்குப் போட்ட தொகை மட்டுமே வாலட்டில் இருக்கட்டும்.